ஆவியாக வாழ்ந்த தோட்டக்காரரின் மகள்: ‘மஹல்’ (1949) திரைப்படத்தின் ஈர்ப்பு குறித்து

1949ஆம் ஆண்டு வெளியான ‘மஹல்’ என்னும் இந்தித் திரைப்படத்தில் உண்மையான பேய் எதுவும் இல்லை. மாளிகைக்குள் நள்ளிரவில் பாடித் திரியும் பெண் இறந்தவள் அல்லள் என்பதும், அவள் தோட்டக்காரரின் மகள் என்பதும் படத்தின் பிற்பகுதியிலேயே நீதிமன்றத்தில் வெளிப்பட்டுவிடுகின்றன. எழுபத்தைந்து ஆண்டுகளாக இந்த முடிச்சை அறியாத பார்வையாளர் அரிது. ஆயினும் படம் மறக்கப்படவில்லை. பேய் வீட்டுப் படம் ஒன்றின் ஈர்ப்பு அச்சத்தில் மட்டுமே அடங்கியிருக்குமானால், மர்மம் அவிழ்ந்த கணத்தில் அது தீர்ந்துபோயிருக்க வேண்டும். ‘மஹல்’ விஷயத்தில் அவ்வாறு நிகழவில்லை. ஏன் நிகழவில்லை என்னும் வினா திரைப்பட ரசனையின் எல்லையைக் கடந்து, சுதந்திரம் பெற்ற முதல் ஆண்டுகளின் சமூக வரலாற்றுக்குள் இட்டுச் செல்கிறது.

கதையைச் சுருக்கமாக நினைவுகூர்வது தேவை. அலகாபாத்தில் நெடுங்காலம் ஆளின்றிக் கிடந்த ஒரு மாளிகைக்கு அதன் புதிய உரிமையாளரான ஹரிசங்கர் இரவில் வந்து சேர்கிறான். கையில் விளக்கேந்திய முதிய தோட்டக்காரர் அவனுக்கு அந்த வீட்டின் வரலாற்றைச் சொல்கிறார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் தம் காதலி காமினிக்காக அதைக் கட்டினார். நள்ளிரவில் வந்து விடியுமுன் திரும்பிவிடுவார். ஓர் இரவு அவர் வந்த படகு புயலில் கவிழ்ந்தது. மீண்டு வருவதாக வாக்களித்துவிட்டு அவர் மூழ்கினார். காமினியும் சில நாள்களில் அதே நீரில் மறைந்தாள். கதையைக் கேட்டபின் உள்ளே செல்லும் சங்கர், சுவரிலிருந்து விழும் படத்தில் தன் முகத்தையே காண்கிறான். அப்போது எங்கோ ஒரு பெண்குரல் எழுகிறது. அன்று முதல் அவன் வாழ்வு அந்தக் குரலின் பின்னால் செல்கிறது. வழக்கறிஞரான நண்பன் ஸ்ரீநாத்தின் அறிவுரையும், ரஞ்சனா என்னும் பெண்ணோடு நடைபெறும் திருமணமும் அவனை மீட்பதில்லை.

இக்கதையைத் திரைக்கு எழுதி இயக்கியவர் கமால் அம்ரோஹி. சோராப் மோடியின் ‘புகார்’ (1939) போன்ற படங்களில் எழுத்தாளராகப் பெயர் பெற்றிருந்த அவருக்கு இயக்குநராக இதுவே முதல் படம். தயாரித்த நிறுவனம் பம்பாய் டாக்கீஸ். ஹிமான்ஷு ராயும் தேவிகா ராணியும் 1934இல் மலாடில் நிறுவிய அந்தப் படப்பிடிப்புக் கூடம், 1940இல் ராய் மறைந்தபின் உட்பூசலால் தளர்ந்தது. 1943இல் சசதர் முகர்ஜி, அசோக் குமார் முதலியோர் பிரிந்துசென்று ஃபிலிமிஸ்தானைத் தொடங்கினர். 1945இல் தேவிகா ராணியும் விலகினார். பின்னர் அசோக் குமாரே சாவக் வாச்சாவுடன் இணைந்து பழைய நிறுவனத்தை மீட்கத் திரும்பி வந்தார். அதாவது, கைவிடப்பட்ட மாளிகைக்குப் புதிய உரிமையாளனாக வருபவனின் வேடத்தை ஏற்ற நடிகர், நலிந்த ஒரு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த வந்தவராகவும் இருந்தார். படத்தொகுப்பைக் கவனித்தவர் பிமல் ராய்.

படத்தின் தோற்றத்துக்குப் பெரிதும் பொறுப்பானவர் ஒளிப்பதிவாளர் ஜோசப் விர்ஷிங். மியூனிக் நகரைச் சேர்ந்த அவர், 1925இல் வெளிவந்த ‘பிரேம் சன்யாஸ்’ காலத்திலிருந்தே ஹிமான்ஷு ராயின் முயற்சிகளில் பங்கெடுத்தவர். ‘அச்சுத் கன்யா’வையும் (1936) அவரே ஒளிப்பதிவு செய்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ஜெர்மானியர் என்பதால் ஆங்கிலேய அரசு அவரைத் தடுப்புக் காவலில் வைத்தது. போர் முடிந்தபின் மீண்டும் கேமராவுக்குத் திரும்பினார். ‘மஹல்’ படத்தில் ஒளியைவிட நிழலுக்கே அவர் கூடுதல் இடமளித்திருப்பதைக் காணலாம். நீண்ட நடைவழிகள், தூண்களுக்கு அப்பால் விரியும் இருள், சரவிளக்கின் அடியில் சிறுத்துத் தெரியும் மனித உருவம் ஆகியவற்றின் வழியே வீட்டின் பரப்பு காட்டப்படுகிறதே தவிர, அதன் முழு அமைப்பு பார்வையாளருக்கு ஒருபோதும் விளங்குவதில்லை. எந்த வாயில் எந்த அறைக்கு இட்டுச் செல்லும், படிக்கட்டு எங்கே முடியும் என்பன தெரியாத நிலையில் வைக்கப்பட்டிருப்பதால், புதிய உரிமையாளனைப் போலவே பார்வையாளரும் அந்த வீட்டில் அந்நியராகிறார். அந்த வீட்டின் வழிகளை நன்கறிந்தவள் ஊஞ்சலில் ஆடிவிட்டு மறையும் பெண் ஒருத்தியே. இந்தச் செய்தியைக் கேமரா முதலிலேயே சொல்லிவிடுகிறது. உரிமை ஒருவரிடமும் பழக்கம் மற்றொருவரிடமும் இருப்பதே இந்த வீட்டின் அடிப்படை நிலை.

கண்ணுக்குப் பிடிபடாத வீட்டைச் செவிக்குப் பிடிபடச் செய்வது கேம்சந்த் பிரகாஷின் இசை. நக்ஷப் ஜார்ச்வி எழுதிய ‘ஆயேகா ஆனேவாலா’ என்னும் பாடல், தாளம் சேர்வதற்கு முன் தனிக்குரலாக, நெடிய இடைவெளிகளோடு தொடங்குகிறது. தொலைவிலிருந்து குரல் நெருங்கி வரும் உணர்வை உண்டாக்குவதற்காக, அறையின் நடுவில் ஒலிவாங்கியை வைத்து, தாம் மூலையிலிருந்து பாடிக்கொண்டே அதை நோக்கி நடந்து வந்ததாக லதா மங்கேஷ்கர் பிற்காலத்தில் நேர்காணல்களில் நினைவுகூர்ந்துள்ளார். குரலுக்கு ஓர் இடத்தையும் தூரத்தையும் கொடுத்த இந்த எளிய உத்தி, பாடலைக் கட்டடத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கிவிட்டது. சங்கர் கேட்பது ஒரு பாட்டை. பின்தொடர்வது ஒரு திசையை.

இப்பாடலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. படத்தோடு வெளிவந்த இசைத்தட்டில் பாடியவரின் பெயராக அச்சிடப்பட்டிருந்தது ‘காமினி’ என்னும் கதாபாத்திரத்தின் பெயர். பின்னணிப் பாடகர்களின் பெயரை மறைத்து, திரையில் பாடும் பாத்திரத்தின் பெயரைத் தட்டில் பொறிப்பது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. வானொலியில் பாடலைக் கேட்டவர்கள் பாடியவர் யார் என்று கேட்டு எழுதத் தொடங்கியதும், இசைத்தட்டு நிறுவனம் லதாவின் பெயரை வெளியிட நேர்ந்தது. இருபது வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு பாடகியின் உழைப்பு, இல்லாத ஒருத்தியின் பெயரில் நாடெங்கும் உலவியது. திரையில் வாயசைத்த மதுபாலாவுக்கு அப்போது பதினாறு வயது. குரல் ஒருத்தியுடையது, உருவம் இன்னொருத்தியுடையது, பெயரோ இறந்துபோனவளாகச் சொல்லப்படும் மூன்றாமவளுடையது. படம் சொல்லும் கதைக்கும் அதன் தயாரிப்பு முறைக்கும் இடையிலான இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். ஆனால் ‘உண்மையில் அவள் யார்’ என்னும் ஒரே கேள்வியைச் சங்கரும் கேட்டான், வானொலி நேயர்களும் கேட்டார்கள்.

இனி அந்த ஆண்டின் வீடுகளை நோக்கலாம். 1947க்குப் பிந்தைய மாதங்களில் வட இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் எல்லையைக் கடந்தனர். பூட்டிய வீடுகள், பூட்டாத வீடுகள், அடுப்பில் பாத்திரத்தோடு விடப்பட்ட வீடுகள் என ஆளற்ற வசிப்பிடங்கள் இரு நாடுகளிலும் பெருகின. அவற்றுக்குள் முன்பின் அறியாதவர்கள் குடிபுகுந்தனர். வெளியேறியோரின் சொத்தை நிர்வகிப்பதற்கெனத் தனிப் பொறுப்பாளர்கள் நியமிக்கப்பட்டனர். 1950இல் மத்தியச் சட்டமும் இயற்றப்பட்டது. பிறர் வாழ்ந்த வீட்டுக்குள் நுழைவதும், சுவரில் அவர்களுடைய படம் தொங்குவதைக் காண்பதும் அக்காலத்தில் கற்பனைக் கதைக்குரிய நிகழ்ச்சிகளாக மட்டும் இருக்கவில்லை.

படக்குழுவினருக்கு இது தொலைவான செய்தியும் அன்று. கமால் அம்ரோஹி ஐக்கிய மாகாணத்தின் அம்ரோஹாவைச் சேர்ந்தவர். அவருடைய உறவினரான கவிஞர் ரயீஸ் அம்ரோஹ்வி பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தார். இன்னொரு உறவினரான ஜௌன் ஏலியா 1957இல் அங்கே சென்றார். பம்பாய் டாக்கீஸிலேயே அன்று நிலவிய சூழலைச் சாதத் ஹசன் மண்டோ, அசோக் குமாரைப் பற்றிய தம் சொற்சித்திரத்தில் பதிவு செய்திருக்கிறார். நிறுவனத்தில் முஸ்லிம்கள் முக்கியப் பொறுப்புகளில் இருப்பதைக் கண்டித்து மிரட்டல் கடிதங்கள் வந்தன. அவர்களை வெளியேற்றாவிட்டால் கூடத்துக்குத் தீ வைக்கப்போவதாகவும் எழுதினர். அசோக் குமாரும் வாச்சாவும் அவர்களை வெளியேற்றவில்லை. மண்டோ 1948 தொடக்கத்தில் தாமாகவே லாகூருக்குச் சென்றார். கமால் அம்ரோஹி தங்கினார். அவருடைய கதையே படமாயிற்று.

எனினும் ‘மஹல்’ பிரிவினையின் உருவகம் என்று முடிவுகட்டுவது எளிமைப்படுத்தலாகும். படம் அதைப் பற்றி வாய்திறப்பதில்லை. கதைமாந்தர் பெயர்களிலோ நிகழ்ச்சிகளிலோ அதற்கான நேரடிக் குறிப்பு கிடையாது. பார்வையாளர்கள் அரங்கத்துக்குள் எடுத்துச் சென்ற அனுபவம் ஒன்று. திரையில் இருந்தது வேறொன்று. இரண்டும் சந்தித்த இடமாக அந்த வெற்று மாளிகை இருந்தது என்ற அளவில் நிற்பதே பொருத்தம்.

மாளிகையின் வகை கூடுதல் கவனத்துக்குரியது. அது செல்வர் வீடு. வேலையாட்களின் உழைப்பின்றி ஒரு நாளும் நிலைக்காத வீடு. கதை நிகழும் அதே ஐக்கிய மாகாணத்தில் சமீந்தாரி முறையை ஒழிப்பதென்று 1946இலேயே சட்டமன்றம் கொள்கையளவில் தீர்மானித்திருந்தது. படம் வெளியான காலத்தில் அதற்கான சட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. 1952 ஜூலையில் நிலங்கள் அரசிடம் வந்து சேர்ந்தன. பெரிய வீடுகளின் காலம் முடிகிறது என்பதை அன்றைய பார்வையாளர் செய்தித்தாளில் படித்துக்கொண்டிருந்தார். நிலப்பிரபுத்துவத்தின் அழகுக்காக ஏங்குவதற்கும் அதன் அழிவை ஏற்பதற்கும் இடையே ஊசலாடிய மனநிலைக்கு, யாரும் வாழாத ஆனால் இன்னும் பேரழகுடைய மாளிகை ஏற்ற இடமாயிற்று.

இந்தப் பின்னணியில்தான் படத்தின் இறுதித் திருப்பத்தை மீண்டும் வாசிக்க வேண்டியிருக்கிறது. காமினியாக நடமாடியவள் தோட்டக்காரரின் மகள் ஆஷா. தந்தை காத்துவந்த வீட்டில், தந்தை சொன்ன காதல் கதையைக் கேட்டே வளர்ந்தவள். படத்தில் இருந்த ஆணின் முகத்தைக் காதலித்தவள். அந்த முகத்தோடு ஒருவன் உயிருடன் வந்து சேர்ந்தபோது, தோட்டக்காரரின் மகளாக அவன் எதிரில் நிற்க அவளுக்கு வழியில்லை. மாளிகையின் உரிமையாளனுக்கும் அவனுடைய வேலைக்காரனின் மகளுக்கும் இடையில் இருந்த தொலைவை அவள் அறிந்திருந்தாள். அத்தொலைவைக் கடக்க அவளுக்குக் கிடைத்த ஒரே வேடம் இறந்துபோன காதலியின் வேடம். உயிருள்ள பணிப்பெண்ணைக் கண்ணெடுத்தும் பாராதவன், இறந்த சீமாட்டிக்காக உயிரையே விடச் சித்தமாகிறான். படத்தின் உண்மையான துயரம் இங்கே இருக்கிறது.

ஆவியாகப் பேசும்போது அவள் முன்வைக்கும் நிபந்தனையும் இதையே காட்டுகிறது. தோட்டக்காரரின் மகளது உடல் வழியாகவே தன்னை அடைய முடியும் என்கிறாள். கேட்கும்போது கொடூரமாகத் தோன்றும் இந்தச் சொல், முடிச்சு அவிழ்ந்தபின் வேறு பொருள் கொள்கிறது. தன்னை ஏற்றுக்கொள்ளும்படி தானே தூது செல்லும் பெண்ணின் வேண்டுகோள் அது. முதல் முறை பார்ப்பவர் பேயின் குரலைக் கேட்கிறார். இரண்டாம் முறை பார்ப்பவர் ஆஷாவின் குரலைக் கேட்கிறார். மர்மம் தெரிந்தபின்னும் படம் தீராமல் இருப்பதற்கான காரணங்களில் இது முதன்மையானது.

ரஞ்சனாவின் நிலை இதற்கு நேர்மாறாக அமைந்துள்ளது. முறைப்படி மணந்து உரிமையெல்லாம் பெற்ற மனைவி அவள். ஆனால் கணவன் அவளை வெகுதூரம் அழைத்துச் சென்று, பாம்பும் வௌவாலும் குடியிருக்கும் பாழிடத்தில் வைத்துவிட்டு, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் நாள்களைக் கடத்துகிறான். உயிரோடு இருக்கும் அவளே அந்த வீட்டில் கண்ணுக்குத் தெரியாதவளாகிறாள். இறுதியில் நஞ்சருந்தி, கணவனே தன்னைக் கொன்றதாக வாக்குமூலம் அளித்துவிட்டு இறக்கிறாள். ஆவியாகக் கருதப்பட்ட பெண் உயிருள்ளவளாக நீதிமன்றத்தில் முக்காட்டை விலக்க, உயிருள்ள மனைவி இறந்தபின்னரே தன் குரலுக்குச் செவிமடுக்க வைக்கிறாள். படத்தில் பேய் இல்லை என்று முதலில் சொன்னதை இங்கே சற்றுத் திருத்திக்கொள்ளலாம்: ஆணின் பார்வை எங்கே விழவில்லையோ அங்கெல்லாம் ஒரு பெண் பேயாகிறாள்.

பகுத்தறிவின் விளக்கம் கிடைத்தபின்னும் கதை ஓய்வதில்லை. தூக்குத்தண்டனை பெற்ற சங்கர், ஆஷாவை மணந்துகொள்ளும்படி ஸ்ரீநாத்தைக் கேட்டுக்கொள்கிறான். மறுபிறவியில் அவளைச் சந்திக்கலாம் என்று நம்புகிறான். அவள் புனைந்த கதையைப் பொய்யென்று நீதிமன்றம் நிறுவியபின், அவன் அதையே சமயமாக ஏற்றுக்கொள்கிறான். ரஞ்சனா உறவினள் ஒருத்திக்கு எழுதியிருந்த கடிதம் வெளிப்பட்டு அவன் விடுதலையாகும்போது காலம் கடந்துவிடுகிறது. மணம் முடிந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவன் அங்கேயே இறக்கிறான். முடிவடையாத காதல், வாக்களித்துவிட்டு மறைந்த ஆண், காத்திருக்க வேண்டிய பெண் என்று தோட்டக்காரர் சொன்ன கதை அப்படியே மறுபடி நிகழ்ந்துவிடுகிறது. சுவரில் இருந்த முகம் ஏன் சங்கரின் முகமாக இருந்தது என்பதற்கும் படம் நிறைவான விடை தருவதில்லை. சட்டம் கொலைக்கு விடை சொல்கிறது. அந்தப் படத்துக்குச் சொல்ல அதனால் முடிவதில்லை.

இந்த வடிவத்தின் வழித்தோன்றல்கள் பல. படத்தொகுப்பாளராக இருந்த பிமல் ராய், ரித்விக் கட்டக்கின் கதையைக் கொண்டு 1958இல் ‘மதுமதி’யை இயக்கினார். மழையிரவு, பழைய மாளிகை, சுவரோவியம், முற்பிறவி நினைவு என உறுப்புகள் பலவும் அதில் மீண்டும் வருகின்றன. ஆனால் அங்கே ஆவி மெய்யாகவே வந்து, தன் சாவுக்குக் காரணமான நிலப்பிரபுவை ஒப்புக்கொள்ளச் செய்கிறது. ‘மஹல்’ மறைத்துப் பேசிய வர்க்கப் பகையை ‘மதுமதி’ வெளிப்படையாக வைத்தது. ‘பீஸ் சால் பாத்’ (1962), ‘வோ கௌன் தீ?’ (1964) ஆகியவை பேயின் பின்னால் மனிதச் சூழ்ச்சியைக் காட்டும் பாதையில் சென்றன. பின்னதைத் தமிழ் ரசிகர்கள் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்த ‘யார் நீ?’ (1966) வழியாக அறிவர்.

இருப்பினும் ஆஷாவின் நெருங்கிய உறவினளாகக் கருதத்தக்கவள் 1993இல் மலையாளத்தில் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தின் கங்கா. அவளும் பழைய வீட்டுக்குள் நுழைந்து, அங்கே கொல்லப்பட்ட ஒருத்தியின் கதையைக் கேட்டு, அவளாகவே ஆகிறாள். அந்த ஒருத்தி தஞ்சையிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் நடனப்பெண் நாகவல்லி. அந்தப் படம் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’வாகவும், தமிழில் ‘சந்திரமுகி’யாகவும், இந்தியில் ‘பூல் புலையா’வாகவும் மறுபிறவி எடுத்தது. வேறுபாடு ஒன்றைக் குறிக்க வேண்டும். 1949இல் ஆவியின் உண்மையை வெளிக்கொணரும் இடம் நீதிமன்றம். 1993இல் அப்பொறுப்பு மனநல மருத்துவரிடம் செல்கிறது. ஆஷாவுக்கு இருந்தது விருப்பமும் திட்டமும். கங்காவுக்கு இருப்பதாகச் சொல்லப்படுவது நோய். வீட்டில் உரிமையற்றுக் கிடந்த பெண்ணின் குரலைக் குற்றமாகவோ பிணியாகவோ பெயரிட்ட பிறகே அது கேட்கப்படுகிறது என்பதில் இரு காலங்களும் ஒன்றுபடுகின்றன.

பம்பாய் டாக்கீஸை ‘மஹல்’ நெடுநாள் காப்பாற்றவில்லை. 1950களின் நடுப்பகுதிக்குள் நிறுவனம் மூடப்பட்டது. கேம்சந்த் பிரகாஷ் தம் பாடல்களின் பெருவெற்றியை அதிக நாள் காணாமலே 1950 ஆகஸ்டில் மறைந்தார். விர்ஷிங், கமால் அம்ரோஹியின் ‘பாகீசா’வை ஒளிப்பதிவு செய்துகொண்டிருந்த காலத்தில் 1967இல் காலமானார்; அப்படம் 1972இல்தான் வெளிவந்தது. மலாடில் அந்தக் கூடம் இருந்த வளாகத்தைச் சிறு தொழிற்கூடங்கள் நிரப்பிக்கொண்டன.

பேய் வீட்டுக் கதைகள் வழக்கமாக இறந்தவர்களைப் பற்றிய கதைகளாகவே படிக்கப்படுகின்றன. ‘மஹல்’ படத்தை அவ்வாறு படித்தால் காமினி மட்டுமே மிஞ்சுவாள்; அவள் ஒரு கதைக்குள் வரும் கதை. அந்த வீட்டைப் பெருக்கியவர், விளக்கேற்றியவர், செடிகளுக்கு நீர் ஊற்றியவர், நாற்பது ஆண்டுகள் அதன் நினைவைச் சுமந்தவர் ஒரு தோட்டக்காரர். அவர் மகளுக்கு அந்த வீட்டில் ஒரு நாற்காலியில் அமர வேண்டுமானால்கூட இறந்தவளாக வேடமிட வேண்டியிருந்தது. படத்தை மீண்டும் பார்க்கும் மாணவர்கள், ஊஞ்சலில் ஆடும் உருவத்தைக் காணும்போது அவளை ஆஷா என்றே அழைத்துப் பார்க்கலாம். காட்சி மாறிவிடுவதை உணர்வார்கள்.